கிரெடிட் கார்டு பில் கட்ட மறந்துட்டீங்களா? முதல் மூணு நாள் ரொம்ப முக்கியம்

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு நான் பண்ண ஒரு சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி வேலை மாறினேன். சம்பள அக்கவுண்ட்டும் மாறிடுச்சு. ஆனா கிரெடிட் கார்டோட ஆட்டோபே பழைய அக்கவுண்ட்லயே இருந்தது. அதுல காசு இல்ல. ஆட்டோபே ஃபெயில் ஆச்சு. எஸ்எம்எஸ் வந்திருக்கு, ஓடிபி, விளம்பரம்னு குவிஞ்சு கிடந்த மெசேஜுக்கு நடுவுல நான் பார்க்கல. ஆறாவது நாள் பேங்க்ல இருந்து போன் வந்தப்போதான் தெரிஞ்சது.

வேலையில சர்வர் டவுன் ஆனா அலாரம் அடிக்கிற மாதிரி செட் பண்ணி வெச்சிருப்பேன். என் சொந்தக் காசுக்கு ஒரு அலாரமும் இல்ல!

மூணு நாள் கணக்கு

ரிசர்வ் வங்கி 2022-ல கிரெடிட் கார்டுகளுக்கு ஒரு விதிமுறை கொண்டு வந்தாங்க. அதன்படி, கடைசித் தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல போனாத்தான் பேங்க் தாமதக் கட்டணம் போட முடியும், சிபில் மாதிரியான நிறுவனங்களுக்கு "இவர் கட்டல"ன்னு சொல்லவும் முடியும். கடைசித் தேதி 20-ன்னா, 23-க்குள்ள பணம் போய்ச் சேர்ந்துட்டா இந்த ரெண்டுல இருந்தும் தப்பிச்சுடலாம்.

ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. சில வழியில கட்டுனா பணம் கார்டுல வரவாக ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். அதனால மூணாவது நாள் ராத்திரி வரைக்கும் இழுக்காதீங்க. இன்னொன்னு, இந்தச் சலுகை வட்டிக்குக் கிடையாது. பேங்க் வட்டி போடலாம்.

வட்டி எந்த நாள்ல இருந்து?

இங்கதான் பல பேர் ஏமாறுறாங்க. ஆறு நாள்தானே லேட்டு, ஆறு நாள் வட்டிதானேன்னு நானும் நினைச்சேன். இல்லங்க. முழு பில்லையும் நேரத்துக்குக் கட்டலைன்னா வட்டியில்லாக் காலமே போயிடும். பொருள் வாங்கின நாள்ல இருந்து வட்டி ஓடும்.

என் கணக்கையே பாருங்க. ஜூலை 5, அம்மாவுக்கு 40,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின். கடைசித் தேதி ஆகஸ்ட் 20. நான் கட்டினது ஆகஸ்ட் 26. மொத்தம் 52 நாள். மாசம் 3.5 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42 சதவீதம்னா, வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2,393 ரூபாய். தாமதக் கட்டணம் 1,000. இது ரெண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 4,000 ரூபாய் தண்டம்.

என் உண்மையான தப்பு

40,000 கட்டிட்டேன், பிரச்சினை முடிஞ்சதுன்னு கார்டைத் தூக்கி அலமாரியில போட்டுட்டேன். ஆனா அந்த 4,000 அடுத்த மாச பில்லுலதான் வந்தது. நான் பார்க்கவே இல்ல. ஒரு மாசத்துக்கு மேல அது அப்படியே கிடந்தது. முதல் தடவை ஆறு நாள் தாமதம். ரெண்டாவது தடவை என் ரிப்போர்ட்டுல 30 நாளுக்கு மேலன்னு ஏறிடுச்சு.

அப்புறம் வீட்டுக் கடனுக்குப் போனப்போ அந்த ஆபீசர் முதல்ல கை வெச்சது அந்த வரியிலதான். கடன் கிடைச்சது, ஆனா வட்டி கால் சதவீதம் கூட. 25 லட்சம், 20 வருஷம். மாசம் சுமார் 400 ரூபாய் அதிகம். இதே நிலையில போனா மொத்தம் 95,000 ரூபாய் பக்கம் வரும். 4,000 ரூபாய் பில்லைப் பார்க்காததோட விலை அது.

சரி, இப்போ என்ன பண்ணணும்?

தெரிஞ்ச நிமிஷமே முழுசாக் கட்டுங்க. முடியலைன்னா குறைந்தபட்சத் தொகையையாவது கட்டுங்க. அந்த மூணு நாளுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா தாமதக் கட்டணமும் சிபில் பிரச்சினையும் வராது. வட்டி மட்டும் ஓடிட்டே இருக்கும். பாக்கி பெருசுன்னா இஎம்ஐயா மாத்த முடியுமான்னு கேளுங்க, அந்த வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு.

பாக்கி தீர்ற வரைக்கும் அந்தக் கார்டைத் தேய்க்காதீங்க. புதுசா வாங்குற பொருளுக்கும் முதல் நாள்ல இருந்தே வட்டி.

அப்புறம் கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்க. "இத்தனை வருஷமா ஒழுங்காக் கட்டிட்டிருக்கேன், இது முதல் தடவை, கட்டணத்தை ரத்து பண்ணுங்க"ன்னு தன்மையாக் கேளுங்க. அவங்க பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா கேட்டா பல தடவை கிடைக்கும். கோரிக்கை எண்ணை மறக்காம வாங்கி வெச்சுக்கோங்க.

அடுத்த ரெண்டு பில்லையும் கண்ணால பாருங்க. பாக்கி பூஜ்யம்னு வர்ற வரைக்கும் விடாதீங்க.

கடைசியா, ரிப்போர்ட் பாருங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு நிறுவனம். ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். நேரத்துக்குக் கட்டியும் தப்பா ஏறியிருந்தா, பேங்க்லயும் அந்த நிறுவனத்துலயும் புகார் கொடுங்க. பேங்க் 30 நாள்ல தீர்க்கலைன்னா ரிசர்வ் வங்கியோட ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், செலவு கிடையாது.

நான் இப்போ ஆட்டோபேயை முழுத் தொகைக்கு வெச்சிருக்கேன். அதுக்கு மேல, கடைசித் தேதிக்கு மூணு நாள் முன்னாடி போன்ல ஒரு அலாரம். அது அடிச்சா அக்கவுண்ட்ல காசு இருக்கான்னு பார்ப்பேன். ரெண்டு நிமிஷ வேலை.

இதைப் படிச்சு முடிச்சதும் உங்க ஆட்டோபே எந்த அக்கவுண்ட்ல இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க, முக்கியமா சமீபத்துல வேலை மாறினவங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!