கப்பலில் துணி துவைக்கலாமா? பெட்டி கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஈப்போ, தைப்பிங், சுங்கை சிப்புட் வட்டாரக் குடும்பங்களில் கேமரன் மலை, லங்காவி என்ற பேச்சோடு இப்போது கப்பல் பயணம் என்ற பேச்சும் எழுகிறது. பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் கிடைப்பதால் தாத்தா, பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரே குடும்பமாகப் புறப்படுகிறார்கள்.

டிக்கெட் எடுத்தாயிற்று; கடப்பிதழும் தயார். பிறகுதான் அம்மா கேட்பார்: "அங்கே துணி துவைக்க இடம் இருக்குமா?" பதில் சரியாகத் தெரியாததால் ஒரு பாக்கெட் சோப்புத் தூள், கொடிக்கயிறு, எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் இஸ்திரிப் பெட்டி ஆகியவை பயணப் பெட்டிக்குள் போய்விடும். சோப்பும் கயிறும் போகட்டும். அந்த இஸ்திரிப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

இஸ்திரிப் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்

பெரும்பாலான சொகுசுக் கப்பல்களில் பயணிகள் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவரக் கூடாது. துணிக்கு நீராவி பாய்ச்சும் கருவி, மின்கெண்டி, ரைஸ் குக்கர், மெழுகுவர்த்தி ஆகியவற்றுக்கும் பொதுவாக இதே தடைதான். துறைமுகத்தில் பெட்டிகளை ஊடுகதிர்ச் சோதனைக்கு அனுப்பும்போது இவை கண்ணில் பட்டால் எடுத்து வைத்துவிடுவார்கள். பயணம் முடிந்து இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். வீட்டில் தீப்பிடித்தால் வாசலுக்கு ஓடலாம், பொம்பாவை அழைக்கலாம். நடுக்கடலில் ஓட இடமில்லை, பொம்பா வண்டியும் வராது. கப்பல் ஊழியர்களே அணைத்தாக வேண்டும். 1000, 2000 வாட் மின்சாரத்தை இழுக்கும் ஒரு சூடான பெட்டியைச் சிறிய அறையில் படுக்கை விரிப்பின் மேல் வைத்துவிட்டு யாராவது சாப்பிடப் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கப்பல் தீ நம் சமூகத்துக்குப் புதிய செய்தியல்ல. நம் பாட்டன், பூட்டன்மார் பலர் இந்நாட்டுக்கு வந்தது 1926-ல் கட்டப்பட்ட ராஜுலா கப்பலில். சென்னை, நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, அப்போது போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர் கொண்டிருந்த இன்றைய போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று அது வந்து போகும். அதன் பிறகு அதே வழித்தடத்தில் ஓடியது எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். ஊருக்குக் கப்பலில் போய்வந்த காலம் அத்தோடு முடிந்தது. இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அதை மறக்கவில்லை.

துணி துவைக்கும் அறைக்கும் கப்பல் தீக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1996 ஜூலை 27-ஆம் தேதி அலாஸ்கா கடற்பகுதியில் 'யூனிவர்ஸ் எக்ஸ்புளோரர்' என்ற பயணிகள் கப்பலின் சலவை அறையில் தீப்பிடித்து ஐந்து ஊழியர்கள் மாண்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1998 ஜூலை 20-ஆம் தேதி, மயாமி துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய 'எக்ஸ்டசி' கப்பலிலும் சலவை அறையில்தான் தீ தொடங்கியது. அங்கே நடந்த வெல்டிங் வேலையின் பொறி, காற்றுக் குழாயில் சேர்ந்து கிடந்த பஞ்சுத் தூசியைப் பற்றவைத்தது என்று அமெரிக்க விசாரணையில் தெரியவந்தது. துணியிலிருந்து உதிரும் அந்தச் சாதாரணப் பஞ்சுத் தூசிதான் தீ பரவ வழி செய்தது.

கப்பலில் எந்தெந்த வசதி உண்டு?

நம் ஊரில் 'டோபி லாயான் டிரி' இல்லாத கடைத்தெரு இப்போது குறைவு. கப்பலிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கப்பலுக்குக் கப்பல் மாறும். பிரின்சஸ், கார்னிவல், கியூனார்ட் நிறுவனங்களின் பல கப்பல்களில் பயணிகள் தாங்களே துவைத்துக்கொள்ளும் அறைகள் உண்டு. துவைக்கும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் அங்கேயே இருக்கும்; சிலவற்றில் இஸ்திரிப் பலகையும் உண்டு. சில நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் வாங்கும், சில வாங்குவதில்லை. சிங்கப்பூரிலிருந்தும் புறப்படும் ராயல் கரீபியன் கப்பல்களில் இத்தகைய அறை கிடையாது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே முகவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாமே துவைக்கும் அறை உண்டா? கட்டணம் எவ்வளவு? இஸ்திரி போட இடம் உண்டா?

அந்த அறை இருந்தால் நம் ஊர் டோபி கடையின் ஒழுங்கையே அங்கும் கடைப்பிடியுங்கள். இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு நிகழ்ச்சி பார்க்கப் போய்விட்டால் அடுத்தவர் உங்கள் துணியை எடுத்து வெளியே வைத்துவிடுவார். உலர்த்தும் இயந்திரத்தை ஓடவிடும் முன் பஞ்சுத் தூசி சேரும் வடிகட்டியை உருவிச் சுத்தம் செய்யுங்கள். அது ஏன் அவசியம் என்பது மேலே சொன்ன 'எக்ஸ்டசி' சம்பவத்திலேயே விளங்கும்.

இரண்டாவது வழி, கப்பலின் சலவைச் சேவை. அறை அலமாரியில் ஒரு பையும் விலைப்பட்டியலும் இருக்கும். சட்டைக்கு இவ்வளவு, காற்சட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு துணிக்கும் தனித்தனி விலை. பணத்தைக் கையில் வாங்க மாட்டார்கள். உங்கள் அறைக் கணக்கில் ஏறிவிடும். கணக்கு அமெரிக்க டாலரிலா, சிங்கப்பூர் டாலரிலா என்பதைப் பார்த்து ரிங்கிட்டில் பெருக்கிக்கொள்ளுங்கள். பத்துத் துணி போட்டுவிட்டு, இறங்கும் நாளில் கணக்குச் சீட்டைப் பார்த்து முகம் மாறுகிறவர்கள் உண்டு. துணி திரும்பிவர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அவசரத்துக்குக் கூடுதல் கட்டணம். மூன்று இரவுப் பயணத்தில் துணி எப்போது கைக்கு வரும் என்று கேட்காமல் பையைக் கொடுக்காதீர்கள்.

நீண்ட பயணங்களில் சில கப்பல்கள் ஒரு பை நிறையத் துணிக்கு ஒரே கட்டணம் என்று சலுகை அறிவிப்பதுண்டு. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும். துண்டு, படுக்கை விரிப்புப் பற்றிக் கவலையே வேண்டாம். அவற்றை ஊழியர்கள் மாற்றித் தருவார்கள். வீட்டிலிருந்து ஆளுக்கொரு துண்டு கொண்டுபோவது வீண் பாரம்.

அறையிலேயே கையால் துவைப்பது எப்படி?

உள்ளாடை, காலுறை, குழந்தையின் சட்டை, நீச்சல் உடை போன்ற சிறு துணிகளை அறைக் குளியலறையில் அலசிக்கொள்வதை யாரும் தவறென்று சொல்வதில்லை. குழாயில் வருவது உப்புத் தண்ணீரோ என்று அஞ்ச வேண்டாம். கடல்நீரில் கலந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் சோப்பு நுரைக்காது என்பது உண்மைதான். ஆனால் கப்பலின் குழாயில் வருவது, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்த நன்னீர் அல்லது துறைமுகத்தில் ஏற்றிக்கொண்ட நன்னீர்தான். நன்றாகவே நுரைக்கும்.

சோப்புத் தூளை விடச் சிறு சோப்புக் கட்டி நல்லது. பெட்டிக்குள் கொட்டாது, அலசவும் குறைந்த தண்ணீர் போதும். தோட்டத்துக் குழாயடிக் கல்லில் அடிப்பதுபோல் அங்கே துணியை அடிக்க முடியாது. பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்கும். கைத்தொட்டியில் பத்து நிமிடம் ஊறவைத்து, கசக்கி, இரண்டு முறை அலசினால் போதும்.

துவைப்பது சுலபம், காயவைப்பதுதான் சிரமம். அதற்கு ஒரு வழி உண்டு. பிழிந்த துணியைக் காய்ந்த துண்டின் மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய்போல் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். பாதித் தண்ணீரைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பல கப்பல்களில் குளிக்கும் இடத்தில் இழுத்து மாட்டும் சிறு கொடி இருக்கும். சொட்டு நிற்கும்வரை அதில் போட்டு, பிறகு குளிரூட்டியின் காற்று படும் இடத்தில் மாட்டினால் மெல்லிய நைலான், பாலியெஸ்டர் துணி ஓர் இரவில் காய்ந்துவிடும். பருத்திக் கைலியும் ஜீன்சும் காயாது. அவற்றை நனைக்கவே வேண்டாம்.

அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டிக்கொள்ளும். ஈப்போவில் எந்தச் சில்லறைப் பொருள் கடையிலும் இதை வாங்கலாம். நான்கு கொக்கி இருந்தால் அறையே கொடியாகிவிடும்.

செய்யக் கூடாதவை

அறைக் கூரையில் சிறு உலோகக் குமிழ்போல் ஒன்று தெரியும். அது தீயணைக்கும் நீர்த்தெளிப்பான். 'ஹேங்கர்' மாட்ட வசதியாக இருக்கிறதே என்று அதில் துணியைத் தொங்கவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் சிறு கண்ணாடிக் குழல் உடைந்தால் தண்ணீர் அறை முழுக்கக் கொட்டும். கட்டில், பெட்டி, கடப்பிதழ் எல்லாம் நனையும்.

பால்கனி அறை எடுத்தவர்கள் அங்கே துணி காயப் போடக் கூடாது. கடற்காற்று சேலையையே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று மறுபடியும் தீதான். 2006 மார்ச் 23-ஆம் தேதி ஜமைக்கா அருகே 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனியில் பற்றிய தீ, அடுத்தடுத்த அறைகளுக்குப் பரவியது. ஒருவர் உயிரிழந்தார். அணையாத சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. மேல்தளத்தில் யாரோ வீசும் ஒரு துண்டு, காய்கிற துணியில் விழ எவ்வளவு நேரம் ஆகும்?

குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். கப்பல் லேசாக ஆடும்போது ஈரத் தரையில் வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் விடுமுறை மருத்துவ அறையில் முடியும்.

துவைக்காமலே சமாளிப்பது

உண்மையைச் சொன்னால், மூன்று இரவுப் பயணத்துக்குத் துவைக்கும் வேலையே பெரிதாகத் தேவையில்லை. ஒருவருக்குப் பகலில் அணிய மூன்று, இரவு உணவுக்கு இரண்டு, தூங்க ஒன்று, நீச்சலுக்கு ஒன்று போதும். பட்டுச் சேலையை விட்டு, கசங்காத ஜார்ஜெட், சிந்தெட்டிக் சேலையை எடுத்துக்கொண்டால் இஸ்திரிப் பெட்டியின் நினைப்பே வராது. சட்டையை மடிக்காமல் சுருட்டி அடுக்குங்கள். கசங்கியிருந்தால், சுடுநீரில் குளிக்கும்போது குளியலறையிலேயே மாட்டி வையுங்கள். அந்த ஆவியில் சுருக்கம் ஓரளவு விடும்.

ஒரு வாரத்துக்கு மேல் போகிறவர்கள் நடுவில் ஏதாவது துறைமுகத்தில் இறங்கும்போது கரையில் துவைக்கலாம். பினாங்கில் நின்றால் ஜார்ஜ்டவுனில் டோபி கடை தேடுவது கடினமல்ல. துவைத்து உலர்த்தச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆனால் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் துணி காய்வதற்காகக் கப்பல் காத்திருக்காது.

கடைசி இரவு எதையும் நனைக்காதீர்கள். பெட்டிகளை அன்றிரவே அறை வாசலில் வைக்கச் சொல்வது வழக்கம். ஈரத்துணியோடு மூடிய பெட்டியை ஈப்போவில் திறக்கும்போது நாற்றம் அடிக்கும். எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் பைகள் கைவசம் இருக்கட்டும்.

துவைப்பது யார்?

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்த பெண்கள் பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போய், பாலை நிறுத்துக் கொடுத்து, மதியம் திரும்பியதும் குழாயடியில் வரிசை பிடித்துக் குடும்பத்தின் துணியைத் துவைத்தவர்கள். ரப்பர் பால் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பது அவர்களின் கைக்குத் தெரியும். இப்படிப்பட்டவரைக் கப்பலுக்கு அழைத்துப் போனால் அங்கும் அவர் கை தானாகவே அழுக்குத் துணியைத் தேடும். "சும்மாதானே இருக்கேன், குடு" என்பார். சலவைக்குக் காசு கொடுப்பதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். புறப்படும் முன்பே அவரவர் துணி அவரவர் பொறுப்பு என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பிள்ளைகள் தங்கள் நீச்சல் உடையைத் தாங்களே அலசிப் போடட்டும். அப்பா தன் காலுறையைத் தானே துவைக்கட்டும். இரவு ஐந்து நிமிட வேலை அது. சேர்ந்துபோன துணிக்குச் சலவைப் பையில் கொடுக்கும் சில வெள்ளி, அம்மாவின் ஒரு மாலைப் பொழுதை விடப் பெரிதல்ல.

அவருடைய தாயோ பாட்டியோ ராஜுலாவில் மேல்தளப் பயணியாக, பாயும் மூட்டையுமாக இந்தக் கடலைக் கடந்து வந்திருக்கக்கூடும். அதே கடலை அவர் இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.