எழுத்து நாள் எப்படி இயங்குகிறது? ஒரு கூழ்ப்பானைக் கணக்கு

எங்கள் ஊரான பரளச்சியில் காலையில் குடிக்கிற கம்மங்கூழ் அன்று காலை காய்ச்சியது அல்ல. முந்தின நாள் பொழுதுசாயக் காய்ச்சி, ஆறவிட்டு, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்தது. கம்பைக் குத்திப் புடைத்தது அதற்கும் முன்னால். எந்த நாளை எடுத்தாலும் எங்கள் அடுப்படியில் மூன்று நாள் வேலை ஒன்றாக நடக்கும்: நேற்றையதைக் கரைத்துக் குடிப்பது, இன்றையதைக் காய்ச்சுவது, நாளையதற்கு ஆயத்தம் செய்வது.

வீட்டிலிருந்தே கட்டுரை, விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு என்று எழுதிச் சம்பாதிக்கத் தொடங்கிய முதல் நான்கு மாதம் இது எனக்கு உறைக்கவில்லை. ஒரே நாளில் யோசித்து, எழுதி, திருத்தி, அனுப்பிவிடப் பார்த்தேன். காலையில் வெறும் திரை முன்னால் உட்கார்ந்தால் மதியம்வரை ஒரு வரி நகராது. ராத்திரி பதினொரு மணிக்குப் பதறி எழுதி அனுப்புவேன். மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. சோம்பல் என்று நினைத்தேன். சோம்பல் இல்லை, வரிசைதான் தப்பு. அம்மாவின் கூழ்ப்பானையைப் பார்த்துத்தான் அதைத் திருத்திக்கொண்டேன்.

முதலில் தானியம். கம்பு தானியமாக மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும். மாவாக்கிவிட்டால் சில நாளிலேயே கசப்பு ஏறிவிடும். அரிசியைவிடக் கம்பில் கொழுப்பு கூடுதல். அரைக்கும்போது அந்தக் கொழுப்பு வெளிப்பட்டு, காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கிறது. அதனால் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் அம்மா மாவாக்குவார். எழுத்திலும் அப்படித்தான். கேட்டறிந்த செய்தி, எண்கள், பேட்டிக் குறிப்பு எல்லாம் தானியம். நாள் கடந்தாலும் கெடாது. பாதி எழுதிப் போட்ட பத்தி மாவு. ஒரு வாரம் தள்ளித் திறந்தால் அதை எழுதிய மனநிலை போயிருக்கும். சேகரிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் முன்கூட்டிச் செய்யலாம், எழுதுவதை அப்படிச் செய்யக்கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாளை நான் தானிய நாளாக வைத்திருக்கிறேன். அன்று அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி நூலகத்துக்குப் போவேன், அல்லது எழுதப்போகிற விஷயம் தெரிந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசுவேன்.

அடுத்தது கரைப்பது. புதிதாக எழுத வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். கொதிக்கிற உலையில் மாவை நேரே கொட்டினால் கட்டி விழும். சூடு பட்டதும் வெளிப்பக்க மாவுச்சத்து உடனே வெந்து பசையாகி, உள்ளே இருக்கிற மாவைத் தண்ணீர் அண்டாமல் மூடிக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கட்டி கரையாது. "மொதல்ல பச்சத் தண்ணியில கரைச்சுக்கத்தா, பெறகு ஒலையில ஊத்து" என்பார் அம்மா. இப்போது ராத்திரி சாப்பிட்டபின் இருபது நிமிடம் நோட்டோடு உட்காருகிறேன். எழுதுவதில்லை. யார் படிக்கப்போகிறார்கள், எதில் தொடங்குவது, எதை விடுவது, இன்னும் எது தெரியவேண்டும் என்று நாலைந்து குறிப்பு மட்டும். அவசரம் இல்லாத நேரத்தில் கரைத்தது, காலை அவசரத்தில் கட்டி தட்டுவதில்லை.

கரைத்ததை உலையில் ஊற்றினால் துடுப்பைக் கீழே வைக்கமுடியாது, வைத்தால் அடிப்பிடிக்கும். எனக்கு அந்த நேரம் காலை ஐந்தரை முதல் ஏழரை. போன் அடுத்த அறையில் இருக்கும். வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை சும்மா இருக்கிறாள் என்று ஊர் நினைப்பது உண்மையான சிரமம். "வீட்லதான இருக்க, செத்த பிள்ளையப் பாத்துக்க" என்று பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடுவார். கோபித்துப் பயனில்லை. "கூழு அடுப்புல இருக்குக்கா, எட்டு மணிக்கு மேல தூக்கிட்டு வாங்க" என்றேன். கூழ் கிண்டுகிறவரை நடுவில் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து எட்டு மணிக்குத்தான் வருகிறார். பிள்ளையையும் சந்தோஷமாகவே பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு புளிப்பு. தண்ணீரில் கிடக்கிற உருண்டையை ராத்திரி யாரும் தொடுவதில்லை. பானையில் இருக்கிற நுண்ணுயிர்கள் மாவுப்பொருளைத் தின்று லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. சூட்டைக் கூட்டி இதை விரட்டமுடியாது. கொதிக்கவைத்தால் அவை செத்துப்போகும். எழுதியதற்கும் இந்த ஒரு ராத்திரி வேண்டும். மறுநாள் அதே பத்தியில் எது மிகை, எது பொய்யாக ஒலிக்கிறது என்று தானாகத் தெரியும். மோர் ஊற்றிக் கரைப்பதுபோல அப்போது தளர்த்தவும் உப்புப் போடவும் செய்யலாம். எனவே காலையில் முதல் அரைமணி நேற்று எழுதியதைத் திருத்துவது, அதன்பிறகே புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் இதைத்தான் செய்தார். தபால் துறை வேலைக்குக் கிளம்புமுன் ஐந்தரைக்கு உட்கார்ந்து, முதல் அரைமணி முந்தின நாள் எழுதியதைப் படித்துவிட்டு, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொல் என்று எழுதினார். நேற்றையதைத் தொட்டுத் தொடங்கினால், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியதில்லை.

எங்கள் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் சின்னக் கடை நடத்திக்கொண்டே எழுதியவர் மேலாண்மை பொன்னுச்சாமி. பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 'மின்சாரப்பூ' தொகுப்புக்கு 2008-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். தனி அறையும் நாள் முழுக்க ஓய்வும் இருந்தால்தான் எழுத்து என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கூழ் குடித்தபின் பானையைக் கழுவிக் கவிழ்க்கவேண்டும். சாயங்காலம் அரைமணி அதற்கு: அனுப்பியதற்குப் பில், வராத பணத்துக்கு நினைவூட்டல், வந்ததில் வரிப்பிடித்தம் எவ்வளவு என்ற குறிப்பு. பிடித்த தொகையை, கட்டவேண்டிய வரி இல்லாவிட்டால், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம் என்பது தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்று ராத்திரி கரைக்கவேண்டியது, சீமைக்கருவேலங் கட்டையில் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பற்றிய கட்டுரை. மூட்டத்தின் மேல்மண்ணில் வெடிப்பு விழுந்தால் காற்றுப் புகுந்து கட்டை சாம்பலாகிவிடும் என்றார்கள். ராத்திரியில் அந்த வெடிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்க விட்டுப்போயிற்று. நோட்டில் முதல் வரியாக அதை எழுதிவைத்திருக்கிறேன்.