‘கரண்ட்’ வைத்தபின் கேட்க வேண்டிய கேள்வி

சயானில் மின்சார ரயில் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். 1941-ல் தொடங்கிய டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை அங்குதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை (நம்மவர் சொல்லும் ‘கரண்ட்’) முடிந்து திரும்பும் பெண்கள் வெட்கத்தால் கேட்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு.

கதிர்வீச்சு புற்றை அழிக்கும்போது யோனிக் குழாயின் சுவரையும் புண்ணாக்குகிறது. அது ஆறுகையில் தழும்பு விழுந்து, சுவர்கள் ஒட்டி, குழாய் குறுகிவிடலாம். தாம்பத்தியம் வேதனையாகும். நோய் திரும்புகிறதா என டாக்டர் உள்ளே சோதிப்பதும் கடினமாகும். ஆகவே, கணவரை இழந்தவர்களும் வயதானவர்களும் ‘நமக்கெதற்கு’ என்று இருந்துவிடக் கூடாது.

தடுக்க வழி உண்டு. ‘டைலேட்டர்’ என்பது விரல் போன்ற வழவழப்பான குழல். சிகிச்சை முடிந்து பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில், புண் ஆறியதைப் பார்த்து டாக்டர் சொன்னபின் தொடங்க வேண்டும். வழுக்கும் ஜெல் தடவி, வாரம் 2, 3 முறை, சில நிமிடங்கள். பல மாதங்கள் தொடர வேண்டும். ‘என்ன அசிங்கம்’ என்பார்கள் வீட்டில். கால் முறிந்து கட்டுப் பிரித்தால் பயிற்சி செய்வதில்லையா? லேசாக ரத்தம் கசியலாம்; அதிகமானால் உடனே மருத்துவமனை.

கணவன்மார் அறியவேண்டியது: உறவால் புற்றுநோய் தொற்றாது. அவசரப்படுத்தாமல் இருப்பதே பெரிய உதவி.

டாக்டரிடம் கூச்சமென்றால் நர்ஸம்மாவிடம் கேட்கலாம். இந்தி வராதவர்கள் தெரிந்த பெண்ணொருத்தியை உடன் அழைத்துப் போகட்டும். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கிற பேச்சல்ல இது.