முதலில் மூச்சு, பிறகு இதயம்

ஹைதராபாத்தின் நாச்சாரம் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பல்லாண்டு தூசியில் வேலை பார்த்து, பீடியும் பிடித்த ஒருவருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். அவசரமில்லாத பைபாஸ் என்றால் வேலை நுரையீரலில்தான் தொடங்கும்.

முதலில் அளவீடு. நோயாளி மூச்சை நிறைய இழுத்து, ஸ்பைரோமீட்டர் குழாயில் ஒரே வீச்சில் ஊதுகிறார். மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்கிறார்கள். அப்போதும் முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்தை எட்டாவிட்டால் மூச்சுக்குழலில் நிலையான அடைப்பு உண்டு. தமனி ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்து ஆயத்தம். குறைந்தது 4 வாரம் பீடி கூடாது. இன்ஹேலர் தவறக்கூடாது. சளி மஞ்சளாக வந்தால் தொற்று தீரும்வரை தேதி தள்ளிப்போகும். இதே வாரங்களில் மூச்சுப் பயிற்சியும் நடக்கும். மூன்று பந்துக் கருவியில் பந்துகள் நொடிக்கு 600, 900, 1200 மில்லி வேகத்தில் எழும்பும். மூன்றையும் படாரென்று கூரையில் மோதவிடுவது பலருக்குப் பெருமை, அதில் பயனில்லை. மெதுவாக இழுத்து, எழுந்த பந்தைச் சில நொடி அங்கேயே நிறுத்துவதுதான் பயிற்சி.

அறுவை அரங்கில் மயக்க மருந்து நிபுணர் வென்டிலேட்டரை உயரத்துக்கேற்ப அமைக்கிறார். பருத்தவருக்கு நுரையீரல் பெரிதாகிவிடுவதில்லை. 165 செ.மீ. உயர ஆணுக்குக் கணக்கிடும் எடை ஏறக்குறைய 61.5 கிலோ. கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி வீதம் ஒரு மூச்சுக்கு 370 முதல் 490 மில்லி காற்று போகும். உள்ளே போக ஒரு பங்கு நேரம், வெளியேற மூன்று பங்கு அல்லது அதற்கு மேல். வெளியேறும் நேரம் குறைந்தால் காற்று மேல் காற்றாக அடைந்து, இதயத்துக்கு ரத்தம் திரும்புவது தடைப்பட்டு, ரத்த அழுத்தம் இறங்கிவிடும்.

மார்பெலும்பைப் பிளந்தபின் அதன் உட்புறத் தமனியைப் பிரித்தெடுக்கிறார்கள். நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறையைக் கிழிக்காமல் இதைச் செய்வது நல்ல கையின் அடையாளம். இயன்றவர்களுக்கு இதய-நுரையீரல் இயந்திரத்தைத் தவிர்த்து, துடிக்கும் இதயத்திலேயே அந்தத் தமனியைத் தைக்கிறார்கள். தைக்கும் சிறு இடத்தை மட்டும் உறிஞ்சு கருவி அசையாமல் பிடித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் எலும்பை எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள்.

ஐசியுவில் நிலை இடம் கொடுத்தால் 6 மணி நேரத்துக்குள் மூச்சுக்குழலில் செருகியிருந்த குழாயை எடுத்துவிடுகிறார்கள். தேவைப்பட்டால் முகமூடி வழியாக அழுத்தக் காற்று. கரியமில வாயு தேங்குபவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் போதும். வலி மருந்து போதிய அளவு வேண்டும், வலித்தால் யாரும் இருமமாட்டார்கள். தலையணையை மார்போடு அணைத்து இருமச் சொல்லி, மறுநாளே நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள்.

மார்பெலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது. இன்ஹேலர் அதற்குப் பிறகும் தொடர வேண்டும். பைபாஸ் மூச்சுக்குழல் அடைப்பைத் தொடுவதில்லை.