டப்பாவில் அடைத்த நொதி பருத்தி இழையை நீட்டுமா?

உயிர் ஊக்கிகளுக்கு வழங்கப்பட்டிருந்த தற்காலிகச் சான்றிதழ்கள் 2025 ஜூன் 16-ம் தேதியுடன் காலாவதியாகின. உரக் கட்டுப்பாட்டு ஆணையின் பட்டியலில் ஏறாத சரக்கை அதன்பின் விற்கக் கூடாது. அது முதல் வரும் கடிதங்களில் ஒரு பங்கு கையிருப்பைப் பற்றியவை. மற்றவை பருத்தி விவசாயிகளுடையவை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: ‘செல் சுவரைத் தளர்த்தும் நொதி அடங்கியது, இழை நீளும்’ என்று சொல்லி விற்கிற டானிக் வேலை செய்யுமா?

எது உயிர் ஊக்கி?

2021 பிப்ரவரியில் ஆணையில் சேர்ந்த வரையறைப்படி, பயிரின் உடலியக்கத்தைத் தூண்டி, சத்து உறிஞ்சுதல், வளர்ச்சி, மகசூல், தரம், தாங்கும் திறன் ஆகியவற்றைக் கூட்டும் பொருள் அல்லது நுண்ணுயிர். பூச்சிக்கொல்லி சேராது. என்ன பலன் தரும் என்பதை வைத்தே பொருளை வரையறுத்திருக்கிறார்கள். அந்தப் பலன் எவ்வழியில் கிடைக்கிறது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. சுமார் 30,000 பொருட்கள் கட்டுப்பாடின்றி விற்றுவந்ததாகவும், தன் கண்டிப்பால் அது 650 அளவுக்குக் குறைந்ததாகவும் வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 2025 ஜூலையில் சொன்னார். எஞ்சியவை விதிமுறையில் தேறியவை, அவ்வளவே. உங்கள் வயலிலும் தேறும் என்று அதற்குப் பொருளில்லை.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலிலிருந்து கிளம்பும் ஒற்றைச் செல். பூ மலர்ந்து சுமார் மூன்று வாரங்களில் அது 3 செ.மீ. வரை நீளும். உள்ளிருந்து நீரழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் இளகாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். அளவு மீறி இளகினால் செல் வெடித்துவிடும்.

இதற்குச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அபாரமானது. செல் படலத்தின் பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளைச் சுவருக்குள் அனுப்புகின்றன. சுவரில் அமிலத்தன்மை ஏறியதும் எக்ஸ்பான்சின் என்ற புரதம் இயங்கத் தொடங்குகிறது. இதை வெள்ளரி நாற்றின் தண்டில் 1992-ல் கண்டறிந்தது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் காஸ்குரோவின் குழு. எக்ஸ்பான்சின் எதையும் வெட்டுவதில்லை. சுவரின் இழைகளுக்கிடையே உள்ள பிடியை மட்டும் நழுவவிடுகிறது. கறாராகச் சொன்னால் அது நொதியே அல்ல.

அதே 1992-ல் விவரிக்கப்பட்ட இன்னொன்று அசல் நொதி, இன்று எக்ஸ்.டி.எச். குடும்பம் என்பார்கள். சைலோகுளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியை அது வெட்டுகிறது. வெட்டிய முனையை விட்டுவிடாமல் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. இன்னொரு சங்கிலியின் முனை சிக்கியதும் அதில் சேர்த்துவிடுகிறது. ஆள் ஏறி நிற்கும் சாரத்தில் கயிற்றை அவிழ்த்து, பிடி விடாமல் அடுத்த கம்பத்தில் கட்டுகிற வேலை இது. வெட்டிய பிணைப்பின் ஆற்றலைக் கொண்டே புதுப் பிணைப்பைப் போட்டுவிடுவதால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவாவதில்லை.

ஆனால், சுவர் இளகுவது இதனால்தானா என்பது தீராத வழக்கு. சைலோகுளுக்கானே தென்படாதபடி மரபணுக்கள் முடக்கப்பட்ட, ஆய்வகச் சோதனைச் செடியான அராபிடாப்சிஸ், 2008-ல் வெளியான ஆய்வில், சற்றே சிறுத்தாலும் ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தது. 2012-ல் காஸ்குரோவ் ஆய்வகம் நொதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது. சைலோகுளுக்கானை மட்டும் வெட்டும் நொதிக்கும், செல்லுலோஸை மட்டும் வெட்டும் நொதிக்கும் சுவர் அசையவில்லை. இரண்டையும் வெட்டும் நொதிக்குத்தான் இளகியது. ஆய்வகத்திலேயே இவ்வளவு இழுபறி இருக்க, டானிக் நோட்டீஸ் அடிப்பவருக்கு மட்டும் எந்த நொதி எங்கே வெட்டும் என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

வெளியிலிருந்து தெளித்தால்?

நொதி பெரிய மூலக்கூறு. இலையின் மெழுகுப் போர்வையைத் தாண்டுவது கடினம். அதைத் தாண்டுவதில் கைதேர்ந்தவை நோய்ப் பூஞ்சைகள். சுவரை அரிக்கும் நொதிகளைச் சுரந்துதான் அவை உள்ளே நுழைகின்றன. அப்போது சுவரிலிருந்து சிதறும் பெக்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துணுக்குகளை ஆபத்து அறிகுறியாக எடுத்துக்கொண்டு செடி தற்காப்பில் இறங்குகிறது. ஆகவே, தெளித்த நொதி பலிக்காவிட்டால் பணம்தான் நஷ்டம். பலித்துவிட்டால் பயிருக்கே தொல்லை.

மற்ற கேள்விகள்

இழை நீளத்தை எது தீர்மானிக்கிறது? முதலில் ரகம், பிறகு, இழை நீளும் நாட்களில் கிடைக்கும் தண்ணீரும் சாம்பல் சத்தும்.

கடற்பாசிச் சாறும் இப்படித்தானா? அது வேறு வகை. நொதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறார்களே? பட்டியலில் இல்லாவிட்டால் எந்த விலைக்கும் விற்கக் கூடாது.

ரசீது கேட்கலாமா? கேட்காமலே தர வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. தர மறுக்கும் கடையில் டானிக் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.