மிச்சமான நேரம் எங்கே போனது?

அமெரிக்கக் கல்லூரி ஒன்று விவாதப் போட்டி நடத்துகிறது என்றால், முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே முதல் நாள் காலையில் எல்லாரும் தேடியது செல்லோடேப்பை. எந்த அணி எந்த அணியோடு, எந்த அறையில், நடுவர் யார் என்ற பட்டியலை ஒவ்வொரு சுற்றுக்கும் அச்செடுத்து மாணவர் மையத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவர் கையை எடுப்பதற்குள் கூட்டம் முதுகில் ஏறும். பின்வரிசையில் நிற்பவருக்காக முன்வரிசையில் நிற்பவர் அறை எண்ணை உரக்கப் படிப்பார்.

இன்று சுவர் காலியாக இருக்கிறது. எல்லாருடைய கைப்பேசியும் ஒரே சமயத்தில் அதிர்கிறது. அறை, எதிரணி, நடுவர் எல்லாம் அதிலேயே வந்துவிடுகின்றன. அந்த நடுவர் எப்படிப்பட்ட வாதத்தை ரசிப்பார், எதைக் கேட்டால் முகம் சுளிப்பார் என்று அவரே எழுதிவைத்த குறிப்பும் கூடவே கிடைக்கிறது. அரை மணி, முக்கால் மணி பிடித்த வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது. ஆனாலும் சனிக்கிழமை இரவு மாணவர்கள் விடுதிக்குத் திரும்பும் நேரம் பெரிதாக மாறிவிடவில்லை. அந்த மிச்ச நேரம் யார் கைக்குப் போனது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் சுவாரசியமான பகுதி.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. கல்லூரிகளுக்கிடையிலான விவாதம் தொடக்கத்தில் போட்டித் திருவிழா அல்ல. ஓர் இரவு நிகழ்ச்சி. 1892-இல் ஹார்வர்டும் யேலும் மோதத் தொடங்கியதை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இரண்டு கல்லூரிகள் கடிதம் எழுதித் தேதியும் தலைப்பும் பேசி முடிக்கும். விருந்தளிக்கும் கல்லூரி அரங்கம் பிடிக்கும், உள்ளூர் வக்கீலையோ பாதிரியாரையோ நடுவராக உட்காரவைக்கும், நகரத்து மக்களைக் கூட்டும். வந்த அணி ஒரே ஒரு விவாதம் பேசிவிட்டு ரயிலேறும். ஒரு விவாதத்துக்காக இத்தனை தூரமா என்று செலவுக் கணக்கு பார்த்தவர்கள் கேட்டார்கள். ஒரே இடத்தில் பல அணிகளைக் கூட்டி, இரண்டு மூன்று நாளில் பல சுற்று பேசவைக்கும் முறை அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. கான்சஸ் மாநிலத்தின் வின்ஃபீல்டில் சவுத்வெஸ்டர்ன் கல்லூரி 1923-இல் நடத்தியதே முதல் போட்டி என்று பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். 1947-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி தேசிய விவாதப் போட்டியைத் தொடங்கி, இருபது ஆண்டு தன் வளாகத்திலேயே நடத்தியது.

அன்றைய விருந்தோம்பல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பை கப்பா டெல்டா என்ற பெரிய விவாதக் கழகம் அப்போது கறுப்பினக் கல்லூரிகளை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பின அணி பயணம் செய்தால், விவாதத்துக்கு முன்பே எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்ற கேள்வி எழும். டெக்சஸின் வைலி கல்லூரி மாணவர்கள், கவிஞர் மெல்வின் டோல்சனின் பயிற்சியில், 1935-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணியை வென்றார்கள். டென்சல் வாஷிங்டன் 2007-இல் எடுத்த ‘தி கிரேட் டிபேட்டர்ஸ்’ படம் எதிரணியை ஹார்வர்டாக மாற்றிவிட்டது. சினிமாவுக்கு ஹார்வர்ட் என்ற பெயர் போதும் போலிருக்கிறது.

இனி, போட்டியின் அடுப்பங்கரைக்கு வருவோம். அங்கே அதை டேப் ரூம் என்பார்கள். முடிவுகளைக் கூட்டி அடுத்த சுற்றைத் தீர்மானிக்கும் அறை. கையால் பட்டியல் போட்ட காலத்தில் அணிக்கு ஓர் அட்டை. அணி இதுவரை சந்தித்தவர்கள், எந்தப் பக்கம் பேசியது, வெற்றி தோல்வி, பேச்சாளர் மதிப்பெண் எல்லாம் அதில் இருக்கும். முதல் ஒன்றிரண்டு சுற்றுகளுக்குப் பட்டியல் முன்கூட்டியே தயார். அதன் பிறகுதான் தலைவலி. இரண்டு வென்ற அணி இரண்டு வென்ற அணியோடு மோத வேண்டும். ஒன்று வென்றது ஒன்று வென்றதோடு. ஒரே கல்லூரி அணிகள் தங்களுக்குள் மோதக் கூடாது. ஒருமுறை மோதியவர்கள் மறுபடி கூடாது. சென்ற சுற்றில் ஆதரித்துப் பேசியவர்கள் இந்தச் சுற்றில் எதிர்த்துப் பேச வேண்டும். நடுவர் தன் கல்லூரி அணிக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீண்ட மேசையில் அட்டைகளைப் பரப்பி, ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் இரண்டிரண்டாகச் சேர்ப்பார்கள். எல்லாம் பொருந்தி வந்து, கடைசி இரண்டு அட்டை மட்டும் ஒட்டாது. மேலேயிருந்து கலைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

நாற்பது அணி, ஆறு தொடக்கச் சுற்று என்று வைத்துக்கொண்டால் 120 விவாதங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவர் எழுதும் தீர்ப்புத்தாள் ஒன்று. அடியில் நகல் விழும் தாள்கள். அவற்றை வாங்கிவர மாணவத் தொண்டர்கள் கட்டடம் கட்டடமாக ஓடுவார்கள். பத்தொன்பது தாள் வந்து ஒரு தாள் வரவில்லை என்றால் அடுத்த சுற்று நகராது. அந்த ஒரு நடுவர் வளாகத்தின் கடைக்கோடியில், மூடிய கதவுக்குப் பின்னால் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார். போட்டி முடியும்போது ஒவ்வொரு பயிற்சியாளர் கையிலும் தடித்த பழுப்பு உறை ஒன்றைக் கொடுப்பார்கள். தாங்கள் ஏன் தோற்றோம் என்று மாணவர்கள் வேனில் ஊர் திரும்பும் வழியில்தான் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

தாள் டேப் ரூமோடு நிற்கவில்லை. கொள்கை விவாதம் என்ற அமெரிக்க வகையில் ஆண்டு முழுவதும் ஒரே தலைப்பு. ஆகவே ஆதாரம் சேர்ந்துகொண்டே போகும். மேற்கோள்களை வெட்டி ஒட்டி, வகைபிரித்து, பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி, தள்ளுவண்டியில் கட்டி இழுத்து வருவார்கள். எனவே போட்டி நடத்துகிற கல்லூரி லிஃப்ட் உள்ள கட்டடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2008 வாக்கில் அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கின. வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கல்லூரி அணி காகிதத்தைக் கைவிட்டு மடிக்கணினியில் விவாதிக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். சில ஆண்டுகளில் பெட்டிகள் காணாமல் போயின. இப்போது லிஃப்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வைஃபை கடவுச்சொல் என்ன, மின்சாரப் பிளக் எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

அட்டைகளின் இடத்துக்குக் கணினி ஒரே நாளில் வந்துவிடவில்லை. பேய்லர் பல்கலைக்கழகத்தின் ரிச் எட்வர்ட்ஸ் எழுதிய நிரலை வைத்துக்கொண்டு, டேப் ரூமில் ஒரு கணினியும் சத்தம் போடும் பிரின்டருமாகப் பல ஆண்டு ஓடியது. அப்போதும் செல்லோடேப் தேவைப்பட்டது. இன்று தேசியப் பேச்சு விவாதச் சங்கம் நடத்தும் ‘டேப்ரூம்’ என்ற இணையச் சேவையில் பதிவு, கட்டணம், பட்டியல், தீர்ப்பு எல்லாம் அடங்கிவிட்டன. நடுவர் பொத்தானை அழுத்தியதும் முடிவு வந்து சேர்கிறது. ஓடும் தொண்டருக்கு வேலை இல்லை.

நேரத்தின் கணக்கு இங்கேதான் வருகிறது. கொள்கை விவாதத்தில் ஒன்பது நிமிடப் பேச்சு நான்கு, மூன்று நிமிடக் குறுக்கு விசாரணை நான்கு, ஆறு நிமிட மறுப்புரை நான்கு. மொத்தம் 72 நிமிடம். அணிக்குப் பத்து நிமிடம் தயாரிப்பு நேரம் சேர்த்தால் 92. இது அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறியது அதற்குப் பிந்தைய நேரம். முன்பு பேச்சாளர் வாசித்த ஆதாரத்தில் ஐயம் இருந்தால், நடுவர் அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிப் பார்ப்பார். இப்போது பேச்சு தொடங்கும் முன்பே மொத்த ஆவணமும் மின்னஞ்சலில் நடுவருக்கு வந்துவிடுகிறது. எல்லாம் கையில் இருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் மறுபடி படிக்கிறார். பிறகு தீர்ப்பைச் சொல்லி, ஏன் என்று விளக்கி, மாணவர் கேள்விக்குப் பதிலும் சொல்கிறார். தீர்ப்பு இழுத்துக்கொண்டே போனதால், இத்தனை மணிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று போட்டிகள் கெடு வைக்கும் நிலை வந்தது. டேப் ரூமில் மிச்சமான நேரத்தை வகுப்பறை எடுத்துக்கொண்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பழுப்பு உறையில் ஒளிந்திருந்த காரணத்தை, தோற்ற சூடு ஆறுவதற்குள் நேருக்கு நேர் கேட்கிற மாணவன் அதிகம் கற்கிறான். ஆனால் நேரம் மிச்சம் என்று சொல்லி மென்பொருளை விற்றவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தனிப்பேச்சுப் போட்டிகளின் கதை வேறு. அவற்றின் தேசியப் போட்டி ஒன்று 1978 முதல் நடக்கிறது, பதினோரு பிரிவுகள். ஒரே மாணவி காலையில் கவிதை வாசிப்பாள், நடுவில் செய்தி அலசுவாள், மாலையில் நகைச்சுவை உரை ஆற்றுவாள். ஒரு பிரிவில் பேசிவிட்டு இன்னொரு அறைக்கு ஓடுகிறவளுக்காக நடுவர் காத்திருப்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இங்கே மிச்சமான நேரத்தை இன்னொரு போட்டி விழுங்குகிறது. சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என ஒரே வளாகத்தில், ஒரே பயணச் செலவில் இரண்டு போட்டிகள். இந்தப் பழக்கம் பழையதுதான். ஆனால் கணினி வந்த பிறகு இதை நடத்துகிறவர் முன்புபோல் பயப்பட வேண்டியதில்லை.

எந்தக் கணினியும் தீர்க்காத ஒன்று நடுவர் பஞ்சம். விவாதத்தில் இரண்டு அணிக்கு ஒரு நடுவரைக் கூட்டிவர வேண்டும் என்பது பரவலான கணக்கு. முடியாத கல்லூரி பணம் கட்டும், அந்தப் பணத்தில் போட்டி நடத்துகிறவர் ஆள் பிடிக்க வேண்டும். வாரயிறுதி முழுக்க, காலை எட்டு மணி முதல் இரவு வரை வகுப்பறையில் உட்கார யார் வருவார்? பழைய மாணவர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும்தான். அவர்களைப் பிடித்துவைப்பது நடுவர் அறையில் இருக்கும் காபியும் சூப்பும் பீட்சாவும். எந்தப் போட்டியில் சாப்பாடு நன்றாக இருந்தது என்பது பயிற்சியாளர்களிடையே பல ஆண்டு பேசப்படும் செய்தி. இதில் அன்று, இன்று என்ற பேதமே கிடையாது.

2020 மார்ச்சில் கோவிட் வந்தது. 1947 முதல் தவறாமல் நடந்துவந்த தேசிய விவாதப் போட்டி ரத்தானது. அடுத்த ஆண்டு இணையத்தில் நடந்தது. அறை வேண்டாம், சாவி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து கதவு திறக்கும் காவலாளியைக் கெஞ்ச வேண்டாம். பயணப் பணம் இல்லாத சிறு கல்லூரிகள் தூர தேசத்துப் போட்டியிலும் கலந்துகொள்ள முடிந்தது. அது பெரிய லாபம். கலிஃபோர்னியா மாணவன் நியூயார்க் நேரத்துக்கு விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பேசினான் என்பது நஷ்டக் கணக்கு. அதைவிடப் பெரிய நஷ்டம், மின்தூக்கி வாசலிலும் சாப்பாட்டு வரிசையிலும் எதிரணியோடு பழகும் வாய்ப்புப் போனது. இன்று நேரிலும் இணையத்திலும் போட்டிகள் நடக்கின்றன. நேரில் நடத்த முன்வரும் கல்லூரியை நான் அதிகம் மதிக்கிறேன். பாரத்தைச் சுமப்பது அதுதான்.

சென்னைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 2014-ஆம் ஆண்டின் உலகப் பல்கலைக்கழக விவாதச் சாம்பியன்ஷிப்பை, முந்தைய டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை, ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி நடத்தியது. ஹார்வர்ட் அணி வென்றது. அது பிரிட்டிஷ் பாராளுமன்ற முறை: ஓர் அறையில் நான்கு அணி, சுற்றுக்குச் சுற்று புதுத் தலைப்பு, தலைப்புத் தெரிந்த பதினைந்தாவது நிமிடம் பேச்சு. ஆதாரப் பெட்டியும் இல்லை, ஆவணமும் இல்லை. ஆனால் நடுவர் தேவை இன்னும் கடுமை: பல போட்டிகளில் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து அத்தனை நடுவரைக் கொண்டுவரச் சொல்வார்கள். மூன்று அணி அனுப்பினால் இரண்டு நடுவர்.

நம் கல்லூரித் தமிழ் மன்றங்கள் சுழற்கோப்பைக்காக நடத்தும் பேச்சுப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரு மேடை, மூன்று நடுவர், ஒரே நாள். அதைப் பல சுற்று விவாதமாக வாரயிறுதி முழுக்க நடத்த ஆசைப்படும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பட்டியல் போடுவதை நினைத்து மலைக்க வேண்டாம். டேப்பிகேட் என்ற திறந்த மூல நிரல் அதைச் செய்துவிடும். அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன் இருபது நடுவர்களிடம் உறுதி வாங்குங்கள். இருபது பேர் கிடைக்கவில்லை என்றால் அணிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.