குத்தம்பாக்கத்தில் உச்சிவேளை எத்தனை மணிக்குத் தெரியுமா?

பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? குத்தம்பாக்கத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டே இரண்டு முறை. அதுவும் பன்னிரண்டு மணிக்கு இல்லை! ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள், 12 மணி 8 நிமிட வாக்கில். ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு நாள், 12 மணி 14 நிமிட வாக்கில். அந்த நேரத்தில் விளக்குக் கம்பமோ கைத்தடியோ, செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழலே விழாது.

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே என்ன நடக்கிறது தெரியுமா? பூந்தமல்லி தாண்டி இருக்கும் இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியனோ ஜூனில் 23.4 டிகிரி வடக்கு வரை ஏறிவிடுகிறது. ஆகவே ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்க, உச்சிவேளை நிழல் தெற்கே விழுகிறது! டில்லிவாசி தன் ஊரில் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் இதைப் பார்க்க முடியாது. நாமோ வருடா வருடம் பார்க்கலாம். ஆனால் வெயிலுக்குப் பயந்து உள்ளேயே இருந்துவிடுகிறோம்.

கடிகாரமும் சூரியனும் ஏன் ஒத்துப்போவதில்லை? இந்திய நேரம் என்பது 82.5 டிகிரி கிழக்கு ரேகையின் நேரம். அந்தக் கோடு நமக்கு வடகிழக்கே, ஆந்திராவின் காக்கிநாடா அருகே போகிறது. குத்தம்பாக்கம் சுமார் 80 டிகிரியில் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். ஆக, சூரியன் நம்மிடம் வந்து சேர இன்னும் 10 நிமிடம் பிடிக்கிறது.

அதோடு முடிந்ததா? இல்லை! பூமியின் பாதை முழு வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து உச்சிவேளையை வருடம் முழுக்க முன்னும் பின்னும் தள்ளுகின்றன. பிப்ரவரி நடுவில் இங்கே உண்மையான உச்சிவேளை 12:24-க்கு. நவம்பர் தொடக்கத்திலோ 11:53-க்கே வந்துவிடுகிறது. முழுதாக அரை மணி நேர ஊசலாட்டம்! ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்தாலும், சீக்கிரமே பொழுது சாய்வது நவம்பர் மூன்றாவது வாரத்தில்தான். மிகத் தாமதமாக விடிவது ஜனவரியின் பிற்பகுதியில். பொங்கல் முடிந்து பத்து நாளாகியும் ஏன் இன்னும் இருட்டாகவே இருக்கிறது என்று காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள் நினைப்பது பிரமை இல்லை, வானவியல்!

சரி, கடிகாரம் இல்லாத காலத்தில் நம் ஊர்க்காரர்கள் நேரத்தை எப்படிப் பார்த்தார்கள்? ஒரு துரும்பு போதும்! பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பை நறுக்கிக்கொள்வார்கள். அதை மடக்கி, ஒரு பகுதியை நிழல் விழும் திசையில் தரையில் கிடத்தி, மறு பகுதியை நிமிர்த்துவார்கள். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்துவார்கள். தொட்டதும், நின்றிருக்கும் பகுதி எத்தனை விரற்கடை என்று எண்ணினால் அத்தனை நாழிகை! காலையில் அது விடிந்து கழிந்த நாழிகை, மாலையில் பொழுது சாய மிச்சமுள்ள நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதியில் மடங்கினால் 8 நாழிகை, அதாவது விடிந்து 3 மணி 12 நிமிடம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் நம் அட்சரேகையில் சூரியன் 45 டிகிரி ஏறியிருப்பதும் கிட்டத்தட்ட அப்போதுதான். காசு செலவில்லாத ஒரு கருவியில் இவ்வளவு திரிகோணமிதி ஒளிந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

கல்லிலும் செய்தார்கள். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் அரைவட்டக் கல்லும் முள்ளுமாக ஒரு நிழற்கடிகாரம் இருக்கிறது. ஜெய்ப்பூரின் சாம்ராட் யந்திரம் என்ற நிழற்கடிகாரமோ 27 மீட்டர் உயரம்! அங்கே நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வெளிநாட்டு நிழற்கடிகாரத்தை வாங்கி வந்து தோட்டத்தில் வைத்தால் ஏன் நேரம் தப்புகிறது தெரியுமா? அதன் முள், அது இருக்கும் ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். லண்டனில் 51.5 டிகிரி. குத்தம்பாக்கத்திலோ வெறும் 13 டிகிரி, ஏறக்குறைய படுத்தே கிடக்கும்!

இந்தியா முழுக்க ரயில்கள் ஒரு காலத்தில் மெட்ராஸ் நேரத்தில் ஓடின, தெரியுமா? 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டியது. 1802-ல் அங்கிருந்த வானியலாளர் ஜான் கோல்டிங்காம், மெட்ராஸ் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது என்று கணக்கிட்டார். மெட்ராசில் பகல் 12 என்றால் பம்பாயில் 11:30, கல்கத்தாவில் 12:32. எந்த ஊர் நேரத்துக்கு ரயில் விடுவது? நடுவில் இருந்த மெட்ராசைப் பிடித்துக்கொண்டார்கள்! இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடித்து ஊருக்கு நேரம் சொன்னது. 1906 ஜனவரி 1-ல் இன்றைய இந்திய நேரம் வந்து மெட்ராஸ் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னே தள்ளியது. அந்த வானாய்வுக்கூடத்தின் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய தூண் அது.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் வெளிநாடுகளில்தான் என்று நினைக்கிறீர்களா? போர்க்காலத்தில் இந்தியாவும் தள்ளியிருக்கிறது! 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை நம் கடிகாரங்கள் ஒரு மணி முந்தியே ஓடின. குத்தம்பாக்கத்து உச்சிவேளை அப்போது பெரும்பாலான நாட்களில் பகல் ஒரு மணியைத் தாண்டித்தான் வந்திருக்கும். கோடை நேரத்துக்காக 1907-லிருந்து வாதாடிய வில்லியம் வில்லெட், 1916-ல் ஜெர்மனியும் பிரிட்டனும் அதைக் கொண்டுவருவதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார். லண்டன் புறநகரான பெட்ஸ்வுட்டில் அவர் நினைவாக நிற்கும் நிழற்கடிகாரம் கோடை நேரத்தை மட்டுமே காட்டும்!

லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் எட்டே முக்கால் மணி நேரம். நமக்கு அது ஒன்றரை மணி நேரம்தான். கோடையில் நாம் மிச்சம் பிடிக்க விடியற்கால வெளிச்சம் அவ்வளவாக இல்லை.

ஆனாலும் தமிழர் வாழும் ஊர்களில் கடிகாரம் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிங்கப்பூர் 1933-ல் வெறும் 20 நிமிடம் முன்னே நகர்ந்தது. 1942-ல் ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம். 1982-லிருந்து மலேசியாவோடு சேர்ந்து கிரீன்விச்சைவிட 8 மணி முந்தி ஓடுகிறது. அதனால் சிங்கப்பூரின் தேக்காவில் இன்று உச்சிவேளை பகல் ஒரு மணிவாக்கில்!

இலங்கைக் கதை எல்லாவற்றையும் மிஞ்சும். மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அதில் பாதியைத் திரும்பப் பெற்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ இரண்டையும் ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில், போர்முனைக்கு இருபுறமும், இரண்டு நேரம்! சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரம் அரை மணி மாறும். 2006 ஏப்ரலில் கொழும்பு கடைசியாக அரை மணி பின்னே வந்தது. புலிகள் வசமிருந்த வன்னியில் யாரும் கடிகாரத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை.